நோன்பு நாள் ஸ்லைடுகள்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. தாராவியில் எங்கள் வீட்டில் கீழே பட்டறை, மேலே அறை, நடுவில் ஓர் இரும்பு ஏணி. கீழே வாப்பா நாலு ஆட்களை வைத்துத் தோல் பை தைப்பார். நான் பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பேன். "ஏளா, நீ படிக்கியா, ரோந்து போறியா?" என்று உம்மா மேலிருந்து கத்துவாள். கடைசியில் ஏணி தேய்ந்ததோ இல்லையோ, நான் டாக்டர் பட்டம் வரைக்கும் போய்விட்டேன்.

இப்படிப்பட்டவள் பிழைப்புக்கென்று பிடித்துக்கொண்டது, இருட்டறையில் அசையாமல் உட்கார்ந்து நுண்ணோக்கி பார்க்கிற வேலை. செம்பூரைத் தாண்டி ஓர் ஆய்வகம். ஓர் உயிரணு எப்படிச் சப்பிப் போகாமல் நிமிர்ந்து நிற்கிறது, தன்னை அமுக்கினால் எப்படித் திருப்பித் தள்ளுகிறது என்று பார்ப்பது எங்கள் ஆராய்ச்சி. அதில் என் பங்குக்கு வந்தவை நுண்குழல்கள். உயிரணுவுக்குள் சாரம் கட்டியது போல நிற்கும் மெல்லிய இழைகள் அவை. கட்டடத்துச் சாரமாவது கட்டினால் கட்டிய இடத்தில் நிற்கும். இவை நிற்காது. ஒரு முனையில் மெதுவாக வளர்ந்துகொண்டே போகும், என்ன நினைக்குமோ, திடீரென்று பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து வளரும். எங்கள் துறையில் அந்த உதிர்வுக்குப் பேரழிவு என்றே பெயர். இத்தனை சின்னப் பொருளுக்கு இத்தனை பெரிய பெயர் வைத்த மனிதர் யாரோ, அவரும் என்னைப் போலப் பதற்றக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்த இழைக்கான புரதம் ஆட்டு மூளையில் நிறைய உண்டு. அதை நாங்களே எடுத்துக்கொள்வோம். எடுக்கிற முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் நான் பண்ணிய முட்டாள்தனத்தின் அளவு விளங்கும். மூளையை மசித்து, உடம்புச் சூட்டில் வைத்தால் புரதம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இழையாகும். இழையை மட்டும் பிரித்தெடுத்து ஐஸில் வைத்தால் உடைந்து கரையும். கரையாத கசடை எறிந்துவிட்டு மறுபடி சூடு, மறுபடி ஐஸ். சூட்டில் கட்டும், குளிரில் உடையும். எங்கள் லேபில் சேருகிற யாரும் முதல் நாள் கற்றுக்கொள்வது இதைத்தான்.

மூளை வாங்கி வருவது என் பொறுப்பு. தாராவியில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளி, தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர் கறிக்கடை வைத்திருக்கிறார். நான் ஐஸ் வாளியோடு போய் நின்றால், "வாங்க மூள டாக்டர், இன்னைக்கு எத்தன பேரு புத்திய அள்ளிட்டுப் போப் போறிய?" என்பார். கடையில் நிற்கிற எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு ஓட்டமாக ஓடி பஸ் பிடிப்பேன். அறுத்த ஒரு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும், சயான் சர்க்கிளில் வண்டி நின்றால் எனக்கு உயிரே போய்விடும்.

லேபில் எனக்கு அடுத்து இருந்தவள் மாட்டுங்காக்காரி. மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம், வீட்டில் முட்டைகூட ஏறாது. என்னைவிட ஐந்து வயது சின்னவள், அப்போது ஆய்வேட்டின் கடைசி வருடத்தில் இருந்தாள். "மூளை மூளையா இருக்கற வரைக்கும் உங்க டிபார்ட்மெண்ட் அக்கா. தண்ணி மாதிரி ஆனப்புறம் என்னோடது" என்று முதல் வாரமே எல்லை போட்டுவிட்டாள். நான் மூளை மசிக்கும் நாட்களில் அவள் பக்கத்து அறைக்குப் போய்விடுவாள். தமிழ் வளவளவென்று பேசுவாள், படிக்க மட்டும் திணறுவாள். வாய் ஓயாது, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கும். சில நாட்களில் பளாரென்று ஒன்று வைக்கலாம் போலவும் இருக்கும்.

போன வருடம் மழைக்காலத்தில் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அப்படித்தான் நினைத்தேன். கண்ணாடி ஸ்லைடில் மயிரிழை அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள் செய்து, அதற்குள் நுண்குழல்களை வளரவிட்டோம். உயிரணுவின் சுவரில் முட்டுவது போலக் குழியின் சுவரில் முட்டி அவை வளையும், அப்புறம் உதிரும். உதிர்வதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் என் குழிகளில் அவை ஒன்றாகச் சேர்ந்து உதிர்ந்தன. எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை, யாரோ கை தட்டிக் கூப்பிட்டது போல. சுவர் இல்லாத வெறும் ஸ்லைடைப் பக்கத்து அறையில், பழைய நுண்ணோக்கியில் அவள் பார்த்தாள். அங்கே இந்தத் தாளம் இல்லை. சுவரில் முட்டுகிற அழுத்தம் ஒரு குழலிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுபோகிறது என்று எழுதினோம். லேபை நடத்துகிற சாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டுரையை ஏப்ரலில் ஒரு பெரிய பத்திரிகைக்கு அனுப்பினோம். மாட்டுங்காக்காரியின் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் முழுக்க அந்தத் தாளத்தின் மேல் நின்றது. ஜூன் முடிவதற்குள் அவள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். செப்டம்பரில் வெளிநாட்டில் ஒரு வேலை அவளுக்காகக் காத்திருந்தது. அத்தியாயம் இல்லையென்றால் ஆய்வேடு இல்லை, ஆய்வேடு இல்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அந்த நுண்ணோக்கி அறையில் யாரும் கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பதில்லை. கேமராவை ஓடவிட்டுவிட்டு வெளியே வந்துவிடுவோம். நான் உள்ளே இருந்தாலும் காதில் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மே மாதம் ஒரு மதியம், இயர்போனில் சார்ஜ் தீர்ந்துபோய், வெளியே போகவும் மனமில்லாமல் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் ஏசி டக்கென்று ஒரு சத்தம் போட்டு வேகமெடுத்தது. குளிர்காற்று கழுத்தில் பட்டது. கொஞ்ச நேரத்தில் திரையில் குழல்கள் மொத்தமாக உதிர்ந்தன. மறுபடி வளர்ந்தன. ஏசி ஓய்ந்தது. எட்டாவது நிமிடம் மறுபடி டக். மறுபடி உதிர்வு. நான் காலாட்டுவதை நிறுத்திவிட்டேன்.

லென்ஸுக்குப் பக்கத்தில் வெப்பமானியின் முனையை ஒட்டவைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு டக்குக்கும் மூன்று டிகிரி இறங்கியது. அடியில் சூடேற்றும் தட்டு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். மேலிருந்து அடிக்கிற காற்றை யாரும் நினைக்கவில்லை. பக்கத்து அறையில் இருப்பது மின்விசிறி மட்டும், அதனால்தான் அங்கே தாளமும் இல்லை. குளிரில் உடையும் என்பதை வாழ்நாளெல்லாம் வாயால் சொல்லி, கையால் செய்து, அதை வைத்தே சோறு சாப்பிடுகிற ஆட்கள் நாங்கள். எங்களைத் தவிர வேறு யாராலும் இப்படி ஏமாற முடியாது.

அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டேன். சார் வங்காளி, மெல்லப் பேசுகிறவர். இப்போதாவது கண்டுபிடித்தாயே என்றார். என் முன்னாலேயே பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மாட்டுங்காக்காரி அழவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கேட்டாள்.

"அக்கா, ஏசி ஆஃப்ல எடுத்த டேட்டா எதாவது இருக்கா? பத்து ஸ்லைடு இருந்தாப் போறும். சுவர்ல முட்டினா சீக்கிரம் உதிர்றதான்னு மட்டும் சரியாக் காட்டினேன்னா, சின்ன ரிசல்ட்தான், ஆனா அத்தியாயம் நிக்கும்."

"இல்லை" என்றேன்.

பொய். பதினொன்று இருந்தன.

நோன்பு மாதத்தில் எடுத்தவை அவை. மதியத்துக்கு மேல், வெறும் வயிற்றில், எனக்கு அந்த அறையின் குளிர் தாங்காது. பல் கிட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியின் லேசர் சூடாகிவிடும் என்று சார் ஏசியைத் தொடவே விடமாட்டார். அவர் வராத மதியங்களில் நான் கமுக்கமாக அதை அணைத்துவிட்டு வேலை பார்த்தேன். அந்தப் பதினொரு ஸ்லைடுகளில் ஒன்றில்கூடத் தாளம் வரவில்லை. ஒவ்வொரு குழலும் தன் பாட்டுக்கு வளர்ந்து, தன் பாட்டுக்கு உதிர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் ஏசியைச் சந்தேகப்படவில்லை. என்னைச் சந்தேகப்பட்டேன். அந்தப் படங்களை என் பென் டிரைவில் தனி போல்டரில் போட்டு ஒதுக்கினேன். கட்டுரையில் அவற்றைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் கேட்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. காரணம் சொல்லாமல் டேட்டாவை ஒதுக்குவது எங்கள் தொழிலில் பெரிய தப்பு, அது ஒன்று. அதைவிட, என்ன காரணம் என்று கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது? நோன்பு வைத்திருந்தேன், அதனால் என் கையை நானே நம்பவில்லை என்றா? அப்புறம் என் பெயர் இருக்கிற காலம் வரைக்கும் அந்த லேபில் இதுதான் என் கதை. ஒவ்வொரு நோன்பு மாதமும் யாராவது அன்பாக, "இந்த மாதம் ரெஸ்ட் எடு" என்பார்கள். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, தோலை உரித்துக்கொண்டு ஓடலாம் போல.

மாட்டுங்காக்காரி எதற்கும் அசராமல் புதிதாக ஆரம்பித்தாள். ஏசியை அணைத்து, லேசரை நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஆறவிட்டு, ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்தாள். நாலாவது ஸ்லைடோடு புரதம் தீர்ந்துபோனது. உறைபெட்டியில் இருந்த கடைசிக் குப்பிகள் பழையவை, வளரவே இல்லை. புதிதாக எடுக்க மூளை வேண்டும். பக்ரீத்துக்கு ஐந்து நாள் இருந்தது. கறிக்கடைக்காரரிடம் போனில் கேட்டேன்.

"டாக்டரம்மா, பெருநாள் முடியட்டும். இருக்கிற மூளைக்கே வாடிக்கைக்காரங்க அடிச்சிக்கிறாங்க. பத்து நாளைக்கு எங்கிட்ட கேக்காதிய."

பத்து நாள் கழித்து மூளை கிடைத்து, புரதம் எடுத்து, ஸ்லைடு எடுத்து, எழுதி... நான் விரல் விட்டு எண்ணினேன். ஜூன் தாண்டிவிடும். அவளும் எண்ணியிருப்பாள், வாயைத் திறந்து சொல்லவில்லை. வாய் ஓயாதவள் பேசாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை.

அந்த நாட்களில் எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. செம்பூரில் நான் வாடகைக்கு எடுத்திருந்த அறையிலிருந்து இறங்கி ஸ்டேஷன் வரை நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடி இறங்குவேன். தாராவிக்குப் போனால் பட்டறையில் ஆட்களுக்குக் குறுக்கே நிற்பேன். "என்னத்தத் தொலைச்ச?" என்று வாப்பா கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "அப்ப ஒரு ஓரமா நில்லு, சிமெண்டு டப்பாவக் கொட்டிப்புடாத" என்று அந்தப் பசையால் தோலை ஒட்டுகிற வேலையைப் பார்க்கப் போய்விட்டார். லேபில் பென் டிரைவை ஒருமுறை கம்ப்யூட்டரில் செருகினேன், அந்த போல்டரைத் திறந்தேன், மூடிவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். இந்தப் பெண் ஒருவேளை வேறு வழி கண்டுபிடித்துவிடுவாள், நான் சொல்லத் தேவையே இருக்காது என்று ஒரு நப்பாசை.

கண்டுபிடித்தாள். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், காலை பத்து மணிக்குக் கறிக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, ஒங்க லேப் புள்ள ஒண்ணு வாளியத் தூக்கிட்டு வந்து நிக்கி. மூக்குல துணியக் கட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு நிக்கி. நான் ஆட்ட வெட்டவா, இதப் பாக்கவா? எனக்குப் பாவமா இருக்கு. ஆனா எங்கிட்ட இல்ல, நான் என்ன செய்ய?"

என் கையிலிருந்த டீ ஆறிப்போனது. வெங்காயத்தைக்கூட நாள் பார்த்துச் சாப்பிடுகிற வீட்டுப் பெண், பிறந்ததிலிருந்து கறிக்கடை வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தவள், பெருநாள் கூட்டத்தில், அந்தச் சந்தில், வாளியோடு நிற்கிறாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கே போயிருக்க மாட்டாள். எனக்கு என் மேல் வந்த கோபத்தை எதில் காட்டுவது என்று தெரியவில்லை, நாற்காலியை உதைத்தேன். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

அவள் திரும்பி வரும்போது நான் லேப் வாசலிலேயே நின்றேன். வாளியில் ஐஸ் உருகித் தண்ணீராகிக் கிடந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"கிடைக்கலை அக்கா. தேவனார் ஸ்லாட்டர் ஹவுஸ்ல கேட்டுப் பாக்கலாமான்னு யோசிக்கறேன்."

"எங்கேயும் போக வேண்டாம். என்கிட்ட இருக்கு" என்றேன். "பதினொரு ஸ்லைடு. ஏசி ஆஃப். நல்ல புரதம். மார்ச் மாதமே எடுத்தது. நான் பொய் சொன்னேன்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். வைத்தாள் என்ன, போட்டாள், தண்ணீரில் என் செருப்பெல்லாம் நனைந்தது.

"பத்து நாள்! பத்து நாளா நான் சாப்பிடாம தூங்காம பைத்தியம் மாதிரி அலையறேன். பார்த்துண்டேதானே இருந்தேள்? அந்தக் கடையில நான் நின்ன நிலை உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கு என்ன அக்கா பண்ணினேன் நான்?"

பென் டிரைவை நீட்டினேன். பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மதியம் முழுக்க அவள் திரையை விட்டு எழவில்லை. நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன், "நடக்காதேங்கோ" என்று ஒருமுறை கத்தினாள், நின்றேன். முதல் ஸ்லைடு. இரண்டாவது. ஐந்தாவது. சுவரில் முட்டிய குழல்கள் முட்டாதவற்றைவிடச் சீக்கிரம் உதிர்ந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக, தன் நேரத்துக்கு. பதினொன்றும் ஒரே மாதிரி சொல்லின. அவளுடைய நாலையும் சேர்த்துப் பதினைந்து. சின்ன விஷயம்தான், பெரிய பத்திரிகை எதுவும் சீந்தாது. ஆனால் உண்மை. சாரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம், ஏசியை நான்தான் அணைத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இத்தனை சுத்தமான டேட்டாவை ஏன் ஒதுக்கினாய் என்று கேட்டார். நாளை எழுதித் தருகிறேன் என்றேன். அவளைப் பார்த்து, அத்தியாயத்தை எழுத ஆரம்பி என்றார்.

வெளியே வந்ததும் அவள் கோபம் பாதி இறங்கியிருந்தது. ஒவ்வொரு ஸ்லைடும் எந்த நாள், எந்த வெப்பம் என்று அட்டவணை போட என் நோட்டு வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். நோட்டு முழுக்க ஆங்கிலம். அந்தப் பதினொரு இடத்தில் மட்டும், சாருக்குப் புரியக் கூடாதென்று, ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தேன். அவள் விரலை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள்.

"நோ... ன்பு. கை... சரி... யில்லை. சேர்க்க... வேண்டாம்."

அடுத்த பக்கம் திருப்பினாள். அதிலும் அதுவே. அடுத்ததிலும். நாலாவது பக்கத்துக்கு மேல் அவளுக்கு எழுத்துக் கூட்டத் தேவைப்படவில்லை.

"யார் அக்கா சொன்னா, உங்க கை சரியில்லேன்னு?"

"நீதான்."

அவளுக்கு ஞாபகமே இல்லை. நான் சொன்னேன். நோன்பின் முதல் வாரம், டீ போடுகிற மேடை, அவள் கையில் நீலக் கப். 'நோன்புல எதுக்கு அக்கா டேட்டா எடுக்கறேள், உங்க கை ஆடினா அதுவும் ஆடும்' என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் சொன்னதை ஓர் எழுத்து பிசகாமல் அவளிடம் ஒப்பித்தேன். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். மார்ச்சிலிருந்து அதற்காகத்தான் காத்திருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது.

அவள் கேட்கவில்லை. நோட்டை மூடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் வாய்க்கு வந்ததையெல்லாம் உளர்றவ, உங்களுக்குத் தெரியாதா? சார் மண்டையில ஒண்ணுமே இல்லேன்னு அதே இடத்துல நின்னுண்டு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அதுக்கும்தான் எல்லாரும் சிரிச்சா. அதை நோட்டுல எழுதினேளா அக்கா?"

எழுதவில்லை. என்னைப் பற்றிச் சொன்னதை மட்டும்தான் எழுதியிருந்தேன்.